அறவிடமுடியாக் கடன்

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு அமர்வு.
அதற்குள் மூன்று நாவல்.
பஸ்மினா ரெலிபோனில் சொன்னாள்:
"முழுக்க வாசிக்கத் தேவையில்லை அக்கா,
பின்னட்டையைப் பார்த்தாலே காணும்,
விழாவில எல்லாரும் அப்பிடித்தான்."

நான் கணக்காய்வாளர்.
பின்னட்டைகளை நம்பியிருந்தால்
இருபத்திரண்டு வருடச் சம்பளத்தைத்
திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

முதலாவது, மாத்தளைப் பெடியன் ஒருவனுடையது.
பழுதான லிப்டுக்குள் நான்கு பேர்.
கடைசிவரை கதவு திறப்பதில்லை.
வெள்ளவத்தையிலிருந்து கோட்டைவரை
காலைக் கோச்சியில் நின்றபடி வாசித்தேன்,
யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டி
முதுகில் சுட்டுக்கொண்டிருக்க.
அந்தக் கதைக்கு அதைவிட நல்ல வாசிகசாலை இல்லை.

இரண்டாவது, அக்கரைப்பற்று டாக்டர் ரிபாயா.
நல்ல கை. அவசரமில்லாத வசனம்.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஆனியில் வந்த நோன்பு
நூற்று நாற்பதில், அதே வருடம்,
ஐப்பசியிலும் வருகிறது.
ஓரத்தில் பச்சைப் பென்சிலால் சின்னக் கேள்விக்குறி.
மேடையில் கேட்கமாட்டேன்.
தேத்தண்ணி இடைவேளையில் மெல்லச் சொல்லலாம்.

மூன்றாவதைத்தான் தள்ளித் தள்ளி வைத்தேன்.
ரொறன்ரோவிலிருந்து குகநேசன்.
அட்டையில் மழை, குடை,
குடைக்குக் கீழே ஒருவருமில்லை.

வியாழன் பின்னேரம், நூறாம் நம்பர் பஸ்.
கொள்ளுப்பிட்டியில் சீற் கிடைத்தது.
பம்பலப்பிட்டியில் அவள் சிரித்தாள்,
வாயைக் கையால் மூடிக்கொண்டு,
எனது சிரிப்பை.
பொது நூலக வாசலில் குடையை மறந்துவிட்டு
மூன்றுமுறை திரும்பிப் போனாள்,
எனது குடைக்கு.
பெயர் மட்டும் வேறு.
வேறு பெயரில் என்னை இவ்வளவு வடிவாய்
நான் கண்டதில்லை.

அறுபத்தோராம் பக்கம்.
களுபோவில ஆஸ்பத்திரி, டெங்கு வார்ட்,
நிலத்தில் பாய், கட்டிலில் இரண்டு பேர்.
விடிய நாலு மணிக்கு அவள் செத்துப்போகிறாள்.
அறுபத்திரண்டில் அவன் பிளேன் ஏறுகிறான்.

தலை நிமிர்ந்தபோது தெஹிவளை மேம்பாலம்.
கண்டக்டர் குனிந்து சிங்களத்தில் கேட்டார்,
"என்ன மிஸ், சுகமில்லையா?"
"ஒரு ஆள் செத்துப்போச்சு" என்றேன்.
"உங்கட ஆளா?"
"ஓம். நல்லாத் தெரிஞ்ச ஆள்."
மேலதிகக் காசை அவர் வாங்கவில்லை.
அந்த முப்பது ரூபாவை
எந்தத் தலைப்பில் பதிவது என்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கந்தோரில் இதற்கு ஒரு சொல் உண்டு.
திரும்பி வராது என்று தெரிந்ததை
அறவிடமுடியாக் கடன் என்று எழுதித் தள்ளிவிடுவோம்.
பிறகு புத்தகம் சுத்தம்.
நிம்மதியாய் விமானநிலையம் போகலாம்.
அவனும் எழுதித்தான் தள்ளியிருக்கிறான்,
முன்னூற்றுச் சொச்சம் பக்கம்.

இரவு கடற்கரைப் பக்க யன்னல்
கோச்சி போகும்போதெல்லாம் அதிர,
திரும்ப அந்தப் பக்கத்துக்கு வந்தேன்.
"பத்தொன்பதாயிரம்" என்றிருக்கிறது,
அவளுடைய பிளேட்லெட்.
இருபதாயிரம் என்று எழுதியிருக்கலாம்.
கதைக்கு அது போதும்.

அந்த இரத்தப் பரிசோதனைத் துண்டு
என்னுடைய லாச்சிக்குள் கிடக்கிறது,
மடிப்பில் கிழிந்து, மை மங்கி.
பத்தொன்பதாயிரம்.
அவன் அந்த வார்டுக்கு வரவில்லை.
வந்திருந்தால் நான் கண்டிருப்பேன்.
யாரிடமோ கேட்டிருக்கிறான்.
இரண்டாம் நாளும் கேட்டிருந்தால்
எண் ஏறியதும் தெரிந்திருக்கும்.

தண்ணீர் பில்லின் பின்பக்கத்தில்
அமர்வுக்கான கேள்விகளை எழுதினேன்.
மொழிநடை பற்றி ஒன்று. புலம்பெயர்வு பற்றி,
சபை எதிர்பார்க்கும் என்பதால், ஒன்று.
ஆறாவதாக "யாரிடம் கேட்டீர்?" என்று எழுதி
வெட்டி,
வெட்டியதன் மேல் திரும்ப எழுதி
மின்விசிறிக்குக் கீழே காற்றில் விட்டுவிட்டேன்.

வெள்ளி விடிந்துவிட்டது.
மிச்சம் இருநூற்று நாற்பது பக்கம்.
ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது,
அவன் யாரையோ கலியாணம் செய்கிறான்,
வீடு வாங்குகிறான், அடித்தளத்தில் தண்ணீர் ஊறுகிறது.

அறுபத்தொன்றுக்குப் பிறகு கதை தொய்கிறது
என்று ஓரத்தில் குறித்தேன்.
தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை.
இரண்டுமுறை சரிபார்த்துவிட்டேன்.