சில இடங்களில்

ஏழரை மணிச் செய்தியின் வாலில்
வானிலை வாசிக்கிறவர் இருமிவிட்டுச் சொன்னார்:
நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில்
அதிகாலை வேளையில்
துகள் உறைபனிக்குச் சாத்தியம்.

சில இடங்கள் எவையென்று அவர் சொல்வதில்லை.
கந்தப்பளையில் கேட்டால் நாங்கள் சொல்வோம்.
மேட்டில் பங்களா, அதற்கும் மேலே குருசுக்கோயில்,
குளிர் அங்கே தங்குவதில்லை.
தண்ணீரைப் போலத்தான் அதுவும்,
சரிவு பார்த்து இறங்கும்.
கடைசி லயத்துக்குப் பின்னால்
என் எட்டு பேர்ச்சஸ் உருளைக்கிழங்கில் வந்து
முழங்காலை மடக்கி உட்காரும்.

எனக்குப் பகலிலேயே தெரிந்துவிட்டது.
பேருக்குக்கூட ஒரு முகில் இல்லை.
வடக்கேயிருந்து வந்த காற்று
மத்தியானத்தோடு நின்றுபோனது.
காயப்போட்ட சாக்கு தொட்டால் சத்தம் போட்டது.
இரவில் நட்சத்திரம் இத்தனை கிட்டத்தில் வந்தால்
நல்லதுக்கில்லை.

மூன்றரைக்கு எழும்பி டார்ச் அடித்தேன்.
பதினான்கு வரிசையும் வெள்ளை.
ஒவ்வோர் இலையின் ஓரத்திலும்
யாரோ உட்கார்ந்து ஊசியால் உப்புத் தைத்த மாதிரி.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்,
கை விறைக்கும் வரை.

பனி கொல்லாது.
இதை வானொலியில் சொல்ல மாட்டார்கள்.
பனியோடு கிடக்கிற இலையில் வெயில் விழுமே,
அதுதான் கொல்லும்.
அதற்கு முன்னே நனைத்துவிட்டால் பிழைக்கும்.
வெயில் முந்திக்கொண்டால்
பத்து மணிக்கு வெந்த கீரை.

மரியதாஸ் பம்பின் கயிற்றை இழுத்தான்,
இழுத்தான், மாதாவைக் கூப்பிட்டான்,
பிறகு மாதா காதில் விழக்கூடாததைச் சொன்னான்.
"எழும்ப மாட்டேங்குது அக்கா."
பீலிக்கரைக்கு ஓடினேன்.
தண்ணீரில் ஆவி பறந்தது. கை வைத்தால் இளஞ்சூடு;
மண்ணுக்குள் இன்னும் குளிர் தெரியாத ஓர் இடம்
இருக்கிறது போல.
ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில்
மொண்டு, ஓடி, தெளித்து,
மொண்டு, ஓடி.

ஆறு மணிக்குக் கொழும்பு வேன்கள் வந்தன.
கதவு திறந்ததும் ஒரு பையன் "ஸ்னோ!" என்று கத்தினான்,
புல்லில் மண்டியிட்டு அதை நக்கிப் பார்த்தான்.
பூப்போட்ட தொப்பிப் பெண் வரப்பு வரை வந்தாள்.
"ஆன்ட்டி, அந்தப் பக்கம் மட்டும்
தண்ணி ஊத்தாதீங்களேன், ஒரு போட்டோ."
நான் ஒன்பதாம் வரிசையில் நின்றேன்.
கிழக்கு மேட்டில் டர்பன்டைன் மரங்களின் தலை
சிவந்துகொண்டிருந்தது.
அவள் காட்டியது பதினான்காவது.
எப்படியும் நான் போய்ச் சேராத வரிசை.
எடுத்துக்கொள் பிள்ளை, என்றேன்.
நல்லாத்தான் சிரித்தாள், வெள்ளைக்குப் பக்கத்தில்.

ஏழரைக்குப் பெரட்டு.
மலையிலும் பள்ளத்து நம்பர் முழுக்கக் கொழுந்து கருகல்.
கங்காணி ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார்,
விரலில் தூளானது. துடைத்துக்கொண்டார்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் என்றார்.
பனிக்கும் அரைப்பேர் போடுவீர்களா, என்று கேட்டாள் ரோஸ்லின்.
யாரும் சிரிக்கவில்லை,
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அந்தியில் வந்து எண்ணினேன்.
ஒன்பது பச்சை. நாலு கறுப்பு.
ஒன்று, பத்தாவது, பாதிக்குப் பாதி:
நான் வாளியைப் போட்டுவிட்டு
வெயிலைப் பார்த்து நின்ற இடம் வரைக்கும்.

இன்றும் ஏழரைக்கு அவர் இருமினார்.
வடக்கிலிருந்து இன்னும் வறண்ட குளிர்காற்றாம்,
மூன்று நாளைக்காம், சில இடங்களில்.
அவருக்கும் சளி போல, பாவம்.
காம்பராவில் இருக்கிற பானை, வாளி, பேசின் எல்லாவற்றையும்
நிரப்பி அடுப்போரம் வைத்தேன்.
பக்கத்து இஸ்தோப்பில்
மரியதாஸ் பம்புக்குக் கம்பளி போர்த்திக் கட்டுகிறான்.
வீட்டில் இருந்தது இரண்டு கம்பளி.
பிள்ளைகள் மூன்று.