வெற்றெடை

மூன்றாம் நம்பர் வளைவில்
அப்பளசாமியின் மகன் என்னை முந்தினான்.
ஹார்ன் அடித்தான். கையும் காட்டினான்.
நன்றிக்குத்தானோ என்னவோ.
என் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

பதினாறு வருஷம் இந்தச் செம்மண் பாதையில்
செம்பனைக் குலை ஏற்றுகிறேன்.
பாலம் உடைந்த வருஷம்கூட
ஆலைக்கு முதலில் போன லோரி என்னுடையது.
யாரும் அதை எழுதி வைக்கவில்லை.
நான் வைத்திருக்கிறேன்.

மிதித்தேன்.
டவுனில் இருப்பது ஒரே ஒரு சமிக்ஞை விளக்கு.
அது சிவப்பாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.
தமிழ்ப் பள்ளி முனையில் இரண்டு குலை தெறித்து விழுந்தது.
மோட்டாரில் வந்த ஒரு பெண்
சாக்கடை ஓரம் ஒதுங்கிக் கால் ஊன்றினாள்.
கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.
பார்த்தும் மிதித்தேன்.

ஆலை வாசலில் நீண்ட வரிசை.
அவன் பதினொன்று, நான் பன்னிரண்டு.
இரண்டு மணி நேரம்
இரண்டு பேரும் ஓர் அடி நகரவில்லை.

நிறைலோரியாக எடை மேடை ஏறினேன்.
குலையைக் கொட்டினேன்.
காலி லோரியாக மறுபடி மேடை.
அப்போதுதான் அவன் குழாயடியில்
முகம் கழுவுவதைப் பார்த்தேன்.
குதித்து இறங்கினேன்.
சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.
அவன் அப்பாவையும் இழுத்தேன் என்பது மட்டும் நினைவு.

ஈர முகத்தோடு கேட்டான்:
"எந்த வளைவு அண்ணே?"

எடைக் கிராணி நோர்லைலா
ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.
"அபாங், உங்கள் காலி லோரி
எனக்கு மனப்பாடம். இன்றைக்கு எண்பது கிலோ குறைகிறது.
வரும்போது உள்ளே இருந்தீர்கள்.
இப்போது வெளியே நின்று கத்துகிறீர்கள்.
உங்களையும் குலைக் கணக்கில் சேர்த்துவிட்டது."

எழுபத்து மூன்றுதான் நான்.
அந்தத் தராசு இருபது இருபதாய் எண்ணும்.
டன் எண்ணூறு வெள்ளி என்று வைத்தால்
அறுபத்து நான்கு வெள்ளி.
பாலம் உடைந்த வருஷம் உட்பட.
அதுவும் பழுத்திருந்தால்.
தரம் பார்க்கிற பையன் கையில் கிடைத்திருந்தால்
காய் என்று ஓரமாய்த் தள்ளியிருப்பான்.

வரிசையே சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வர ஒன்பது நாள் ஆனது.
அன்றைக்கு ஏறி உட்கார்ந்தேன்.
எண் சரியானது.

இப்போதெல்லாம் வரிசையில் இஞ்சினை அணைத்துவிடுகிறேன்.
முன்பு உறுமவிட்டே வைத்திருப்பேன்,
அதைக் கேட்டு ஆலை பயந்துவிடும் என்பது போல.
அணைத்தால், சூடு இறங்கும் இரும்பு
டிக் டிக் என்கிறது.
கோபம் எங்கே கிளம்புகிறது என்று பார்க்கிறேன்.
தலையில் என்றுதான் நினைத்திருந்தேன்.
வலது காலின் கட்டைவிரலில்.
செருப்புக்குள் அது முதலில் மடங்குகிறது.
பிறகு முட்டி. பிறகு தாடை.
காதுக்கு வந்து சேரும்போது
அதற்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது:
மரியாதை.

விரலிலேயே பார்த்துவிட்டால்
பெயர் வைக்க ஆளில்லாமல் அது திரும்பிப் போகிறது.
எல்லா நாளும் இல்லை.
புதன்கிழமை டிராக்டர் ஓட்டி வந்த ஒரு வங்காளதேசத்துப் பையனைத்
திட்டியாகிவிட்டது.

பள்ளி முனையில் இரண்டாம் கியர்.
எலி பிடிக்க ஆந்தைக்கு வைத்த மரக்கூண்டு
தோட்டத்து ஓரத்தில் நிற்கிறது.
எத்தனை வருஷமாக நிற்கிறதோ, இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த மோட்டார்ப் பெண்
என் லோரிச் சத்தம் கேட்டால்
இன்னும் தூரத்திலேயே ஒதுங்கிக் கால் ஊன்றுகிறாள்.
தலை நிமிர்வதில்லை.
நான் எவ்வளவு மெதுவாக வருகிறேன் என்று
அவள் ஒருதடவையாவது பார்க்க வேண்டும் என்று

செருப்புக்குள்
விரல் மடங்குகிறது.