வரவேண்டிய கப்பல்கள்

வேலைக்கு வந்ததும் என் முதல் காரியம்
வரவேண்டிய கப்பல்களின் பட்டியலைத் தட்டுவது.
பெயர், கொடி, நீளம், வரும் நேரம்.
கடைசிக் கட்டத்தில்: எந்தத் துறை காலி.
துறை காலியில்லையென்றால்
கப்பல் வந்தும் வராததுதான்.
புறக்கடலில் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும்.
முகத்துவாரத்து மொட்டைமாடியிலிருந்து
எண்ணிப் பார்ப்பேன். நேற்று பதினொன்று.

திருவருகையின் இரண்டாம் ஞாயிறு
பிரசங்கத்தில் கேட்டார்: ஆயத்தமா?
ஆயத்தம்தான் சுவாமி.
கேக்குக்கு ரவை வறுத்தாயிற்று,
முன்னறைச் சுவருக்கு இரண்டு பூச்சு,
யன்னல் சீலை தைக்கக் கொடுத்தாயிற்று.
ஊதா மெழுகுதிரி மூன்றும் இருக்கிறது.
ரோஸ் நிறம்தான் கொச்சிக்கடை முழுக்கத் தேடியும் இல்லை.
பிறந்தநாள் கேக்கில் குத்தும் சின்னத் திரியை நீட்டி
"பிறந்தநாள்தானே அக்கா" என்றான்
கடையில் நின்ற நவ்ஷாட்.

செவ்வாய் இரவு வேலை. மழை.
நாலு நாளாய் வெளியே நிற்கும் ஒரு கப்பல்
மூன்றாம் முறையாகக் கேட்கிறது: எப்போது உள்ளே வரலாம்?
அதன் துறையில் பழுதான பழங்கப்பல்,
இழுத்துப் போக ஆளில்லை.
காத்திருக்கவும் என்று எழுதினேன்.
எழுதிய கை அப்படியே நின்றது.

எவரிஸ்துஸ்,
அப்பாவின் பெட்டியை மூடிய பிறகு வந்தவன் நீ.
மன்னார் பஸ் மதவாச்சியில் பழுதாகி
ஈரச் சட்டையோடு வாசலில்.
"ஒருக்காத் திறவுங்கோ அக்கா, முகம் பார்க்க."
நேரமாயிற்று என்றேன்.
ஆகவில்லை.
மாதம்பிட்டிக்குக் கொண்டுபோக இன்னும் அரை மணி இருந்தது.
எனக்குத் தெரியும்.
உனக்கும் தெரிந்திருக்கும்.

ஆறு வருடம்.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு
பொறாமையைச் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன்,
பூசை தவறிய ஞாயிறுகளைக் கணக்காய்ச் சொன்னேன்.
இதைச் சொன்னதேயில்லை.
பாவமென்று பதியவில்லை நான்,
நிர்வாகமென்று பதிந்திருந்தேன்.

வாரும் ஆண்டவரே என்று
மாலைதோறும் திரி ஏற்றுகிறேன்.
அவர் பிந்தி வந்தால்?
மதவாச்சியில் பஸ் பழுதாகி, ஈரச் சட்டையோடு?

விடிய நாலரைக்கு இழுவைப் படகுகள் இரண்டு
அந்தப் பழங்கப்பலை விலக்கின.
லேசில் நகரவில்லை. சங்கிலி கல்லில் உராய்ந்த சத்தம்
இன்னும் என் பல்லில் கூசுகிறது.
விட்ட இடத்தில் எண்ணெய்ப் படலம், ஒற்றைச் செருப்பு,
கொஞ்சம் வெறுந்தண்ணீர்.
கடைசிக் கட்டத்தில் 'காலி' என்று போட்டேன்.

உன் இலக்கம் பழைய கொப்பியில் கிடக்கிறது.
மன்னாரில் இன்னும் விடிந்திருக்காது.

ஆறு மணி ஆகட்டும்.