சோலைமணி வைத்திருந்த சீட்டு

மதியம் ஒன்றரை. புதுவயல்.
எதிர் மில்லில் நெல் அவிகிற வாசனை
என் ஸ்டெதஸ்கோப்பில்கூட ஏறியிருக்கிறது.
கடைசி டோக்கன், நாற்பத்தி மூன்று:
களத்தில் நெல் துழாவும் சோலைமணி,
மகள் சஷ்மிதா, ஏழு வயது.

காய்ச்சல் இல்லை, சளி இல்லை.
பள்ளிக்கூட டைரியை நீட்டினாள்.
சிவப்பு மையில் ஒரே வரி:
கூப்பிட்டால் திரும்புவதில்லை, காது பார்க்கவும்.

பார்த்தேன். காதுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றே முக்காலுக்கு மில் சங்கு ஊதும்.
ஊதப்போகிற நொடிக்கு முன்பே
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

வாடகை வீட்டு ஆஸ்பத்திரி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை.
ஒன்பது வருடமாய் மிதிக்கிறேன்.
அவள் பச்சைப் பூ விட்டுப் பச்சைப் பூ தாவி
நாற்காலிக்கு வந்து சேர்ந்து,
"நூத்திப் பன்னெண்டு. ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றாள்.
என்னிடம் இல்லை, தரையிடம்.

நெஞ்சுவலி என்றால் நாலு வரி, ஆம்புலன்ஸ்.
இந்தக் கடிதம் எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
மதுரையில் நேரம் கிடைக்க நாலு மாதம்.
அதுவரை பிள்ளைக்காகப் பேச இந்தத் தாள்தான்.
ஆட்டிசம் என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு
சாப்பிடப் போய்விட முடியாது.

இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தேன்.
"அதுல என் பிள்ளையப் பத்தி என்ன இருக்கு?
தமிழ்ல வாசிங்க டாக்டர்."

கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை
என்று வாசித்தபோது
குற்றப்பத்திரிகை மாதிரிக் கேட்டது.
அடித்துவிட்டு,
பேசுகிறவர் வளையலைப் பார்க்கிறாள் என்று எழுதினேன்.
கைகளைத் திரும்பத் திரும்ப உதறுகிறாள்.
"சந்தோசம் வந்தா அப்படித்தான்."
அதையும் சேர்த்தேன்: சந்தோஷம் வந்தால்.
தோழிகள் இல்லை.
"ஒருத்தி இருக்கா, லோடுமேன் மக.
ரெண்டும் பேசிக்காது.
பக்கத்துல பக்கத்துல உக்காந்து
தவிட்டுல கோடு போடும்."
கவனம்?
"எதுல?" என்று திருப்பிக் கேட்டாள்.
நியாயம்தான்.
வீட்டுப்பாடத்தில் மூன்று நிமிடம்,
அரிசியில் கல் பொறுக்கினால் மூன்று மணி நேரம்.
ஏ.டி.எச்.டி.யும் சேர்த்துப் பார்க்கவும்.
கொப்புடையம்மன் தேரன்று
மேளத்துக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாளாம்.
"சாமி வந்துருக்குன்னு தேங்கா ஒடச்சாங்க.
எனக்குத் தெரியும், அது சத்தம்."

கடைசிக் கட்டம்:
இதற்கு முன் யாரிடமாவது காட்டியதுண்டா?

ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து
சீட்டு ஒன்றை எடுத்தாள்.
நாலாய் மடித்தது, மடிப்பில் கிழிந்தது.
மூன்று வருடம் முந்தைய தேதி.
வயது நாலு. பேச்சு தாமதம்.
பெண் குழந்தை, கூச்சம். போகப் போகச் சரியாகும்.
சத்து டானிக், இரு வேளை, ஐந்து மில்லி.
கையெழுத்து என்னுடையது.

குத்திக்காட்ட எடுக்கவில்லை அவள்.
"இதுவும் கூட இருக்கட்டுமா?" என்றுதான் கேட்டாள்.
டானிக் ரெண்டு பாட்டில் வாங்கினதாகவும் சொன்னாள்.

தவறவிட்டேன் என்பதைச் சொல்லாமல் சொல்ல
எங்கள் படிப்பில் நாசூக்கான சொற்கள் நிறைய உண்டு.
அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்,
பதிவு எண்ணோடு.
சீட்டையும் பின் போட்டேன்.

மதுரைக்குப் போன் செய்து
சனிக்கிழமை கிடைக்குமா, அம்மாவுக்குக் கூலி போகும் என்றேன்.
லைனில் இருங்கள் என்றார்கள்.
இருந்தேன்.
சஷ்மிதா டோக்கன் டப்பாவைக் கவிழ்த்து
ஒன்றிலிருந்து அடுக்கத் தொடங்கியிருந்தாள்.
பதினாறுக்குப் பிறகு விரல் அளவு இடம் விட்டு
பதினெட்டை வைத்தாள்.

பதினேழு தொலைந்து எத்தனை நாளாயிற்றோ.
தினமும் கூப்பிடுகிறேன்,
நான் கவனித்ததில்லை.