கூரைக்கு என்ன?

இரண்டு பேர் படுக்க, ஓர் அடுப்பு வைக்க,
ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்க
ஒரு வீடு வேண்டியிருந்தது.
காற்றாலை எங்கே பழுதோ அங்கே எங்களுக்குச் சோறு.
கயத்தாறில் மூன்று மாதம், ராதாபுரத்தில் ஐந்து,
லாட்ஜுக்காரன் வாங்கிக்கொள்ளும் பாதிச் சம்பளம்.

மூன்று கம்பெனியிலிருந்து ஆள் வந்தார்கள்.

முதலாமவன் வழவழத் தாளில் ஒரு மலையைக் காட்டினான்.
மலைக்குக் கீழே வெள்ளை டிரெய்லர்,
மடக்கு நாற்காலியில் சிரிக்கும் குடும்பம்.
ஜெபக்கனி வெகுநேரம் பார்த்தாள்.
"இந்தப் படத்துல காத்தே அடிக்கலியே, தம்பி."

அடுத்தவன் ஆயுள் உத்தரவாதம் என்றான்.
யாருடைய ஆயுள் என்று தாளில் இல்லை.

மூன்றாவது ஆள் நாமக்கல் பக்கத்துச் சின்னப் பட்டறை.
கம்பெனிப் பெயர் இரண்டு தரம் கேட்டும் வாயில் நிற்கவில்லை.
தாளும் கொண்டுவரவில்லை.
ஜீப்பின் பின்கொக்கியைக் குனிந்து பார்த்தான்,
எதையோ நோட்டில் குறித்தான்,
டீயை ஆறவிட்டுக் குடித்துப் போனான்.

எனக்கு இறக்கைகளைத் தெரியும்.
புதிதில் எல்லாமே அழகுதான்.
எட்டாம் வருஷம் எண்பது மீட்டர் உயரத்தில்
போல்ட்டில் ஸ்பேனர் வைக்கும்போதுதான்
செய்தவன் மனசு கைக்குத் தெரியும்.
அதனால் ஷோரூம் போகவில்லை,
பழசைத் தேடிப் போனோம்.

முதல் கம்பெனி வண்டி
திசையன்விளை தாண்டி ஒரு பனங்காட்டில் நின்றது.
உள்ளே ஏழு கோழி, ஒரு சேவல்.
துரைப்பழம் கதவைத் திறந்தே காட்டினார்.
"வாங்குன வருஷமே ஐப்பசி மழ.
வெளிய விட்டாச்சு, உள்ள விடல."

இரண்டாவதன் சரித்திரம் வள்ளியூர் மெக்கானிக்கிடம் இருந்தது.
"நல்ல கம்பெனி, அண்ணாச்சி," என்றார் மைதீன் பிச்சை,
"எனக்கு ரொம்ப நல்ல கம்பெனி.
மூத்தவ நகையில பாதி இதுல எடுத்ததுதான்."
பேரிங் எண்ணைக் குறித்துக்கொண்டு
வண்ணார்பேட்டைக் கடையில் நீட்டினேன்.
கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு
சீட்டைத் திருப்பித் தந்தார்.
அது கப்பலில் வரவேண்டுமாம்.

மூன்றாவது அம்பாசமுத்திரத்தில்.
ஊர் ஊராய்ப் போய்க் கண் சோதித்து
மூக்குக்கண்ணாடி விற்கும் உமையொருபாகத்துக்கு
ஒன்பது வருஷமாய் அதுதான் கடை, அதுதான் படுக்கை.
நாங்கள் கேட்டதுதான் தாமதம், ஆரம்பித்தார்:
"கதவுக் கொண்டி ஒரு சனியன், மூணு தடவ மாத்திட்டேன்.
கழுவுத தொட்டியில ஒரு குக்கர் எறங்காது.
திரைக் கம்பி வளஞ்சு தொங்குது.
பெயிண்ட் கலரப் பாருங்க, ஆஸ்பத்திரி கணக்கா..."
அரை மணி நேரம்.
ஜெபக்கனி முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.
நான் காத்திருந்தேன்.
அச்சு வரவில்லை. அடிச்சட்டம் வரவில்லை.
கடைசியில் நானே கேட்டேன்:
"கூரை?"
அவர் என்னை விநோதமாய்ப் பார்த்தார்.
"கூரைக்கு என்ன?"

போதும் எனக்கு. அவளுக்குப் போதவில்லை.
"ஒரு ராத்திரி குடுங்க, படுத்துப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

ஆடி மாசம். பணகுடி வெளி.
கணவாய் வழியே வந்த காற்றுக்கு
நாங்கள் ஒரு தீப்பெட்டி.
மணலை அள்ளிப் பக்கவாட்டில் எறிந்தது.
ஒரு கணம் தூக்கப் பார்த்தது, பிறகு
வேறு வேலை இருந்ததுபோல் கிழக்கே போனது.
எதுவும் முனகவில்லை,
கொண்டியைத் தவிர.
டக். டக். டக்.
இரண்டு மணிக்கு ஜெபக்கனி எழுந்து
துப்பட்டாவைக் கிழித்து அதைக் கட்டினாள்.
அப்புறம் எனக்கு முன்னால் அவள் குறட்டை.

முன்பணம் எண்ணி வைத்தபோது
நாமக்கல்காரனிடம் அவளே சொன்னாள்:
"எல்லாம் ஒங்க இஷ்டம்போல செய்யுங்க.
கொண்டி மட்டும் நாங்க வாங்கித் தருவோம்,
வள்ளியூர் இரும்புக்கடையில."

அவன் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.
நோட்டை எடுத்தான்.
"எத்தன இஞ்ச்?" என்றான்.