முதல் மடக்கு

நாலு ரோடு லேபில் ஊசி குத்துகிறவள் பெயர் மெர்சிலின்.
"பன்னிரண்டு மணி நேரம் ஆச்சாக்கா?"
ஆச்சு. ராத்திரி எட்டுக்கு ரெண்டு தோசை.
தேங்காய்ச் சட்னியைத் தொடவில்லை,
பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிறவள் மாதிரி.

சுழற்றி எடுத்த குழாயைத் தூக்கிக் காட்டினாள்.
அடியில் சிவப்பு.
மேலே தெளிந்திருக்க வேண்டிய இடத்தில்
மார்கழி விடியலின் ஏற்காட்டுப் பாதை,
எதிரே வருவது தெரியாத வெள்ளை.

சர்க்கரை வந்து எட்டு வருஷம். தைராய்டு ஆறு.
இரண்டும் சேர்ந்து என்னைக் கேட்காமல்
உள்வாடகைக்கு வைத்த ஆள் கொழுப்பு.
டாக்டர் பூங்கோதை மாத்திரையை ஏற்றினார்:
பத்து, இருபது, நாற்பது.
நான் தட்டுவடை செட்டை விட்டேன்.
அந்த வண்டியைத் தாண்டும்போது
கடன்காரி போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.
"வாயைக் கட்டணும்" என்றாள் நாத்தனார்.
கொழுப்புக்குத் திமிர் என்றும் பொருள் இருப்பது
சொந்தக்காரர்களுக்கு எத்தனை வசதி.

"தைராய்டு மாத்திரை எப்படிப் போடறீங்க?"
"வெறும் வயித்துல. காபியோட."
பஞ்சை அழுத்திய விரல் நின்றது.
"காபியோடயா?"

வேறெதோடு?
செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் காபித்தூள் கடை.
மலையிலிருந்து வரும் கொட்டை,
ஐந்து மணிக்கு முதல் ஈடு.
வறுவல் சரியா என்று என் நாக்குதான் சொல்லும்,
பத்தொன்பது வருஷமாக.
அந்த முதல் மடக்கோடு சின்ன வெள்ளை மாத்திரையும் போகும்.
போனது எங்கே போச்சு என்று
டாக்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"காபி அதைச் சேர விடாதுக்கா. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

சாயங்காலம் டி.எஸ்.எச். வந்தது: இருபது.
அடிவாரம் தாண்டி எத்தனை கொண்டை ஊசியோ அத்தனை.
டாக்டர் கழுத்தைத் தொட்டுச் சொன்னார்:
இது மந்தமானால் ஈரலும் மந்தம்;
குப்பை வண்டி வராத தெரு மாதிரி
கொழுப்பு அங்கங்கே தேங்கிக் கிடக்கும்.

இப்போது நாலு மணிக்கே எழுந்து
தண்ணீரில் விழுங்குகிறேன்.
அப்புறம் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல்.
டிரம்மில் கொட்டை படபடவென்று வெடிக்கிறது,
வாசனை சட்டைக்குள் நுழைகிறது,
நான் உதட்டை மூடி நிற்கிறேன்.
முதல் டம்ளர் இப்போது
வேலைக்கு நிற்கும் அன்சாரிக்கு.
"லேசா கருகல்" என்றான் ஒருநாள்.
சண்டை போட்டேன்.
ஆறிய பிறகு குடித்துப் பார்த்தேன். கருகல்தான்.

மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். ஆறு.
கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறிலிருந்து
நூற்று நாற்பதுக்கு இறங்கியது.
சர்க்கரை அசையவில்லை.
அதற்கு மாத்திரை நேரம் காரணமில்லையாம்.
இரண்டாவது டம்ளரில்
அன்சாரி பார்க்காதபோது நான் போடும்
ஒன்றரை ஸ்பூன்தான் காரணமாம்.
அதை நான் யாரிடமும் சொல்லவே இல்லையே.
நாத்தனார் சொன்ன பொருளும்
கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இன்று குழாயை நானே வாங்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பனி முழுக்க விலகவில்லை.
எதிரே வருவது பஸ் என்கிற வரைக்கும் தெரிகிறது.