துருவுக்குக் கழிவு

பஞ்சிகாவத்தையில், தராசடியில்,
என் கையில் தொங்குகிறது ஒரு காந்தம்.
உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் வயிற்றிலிருந்து கழற்றியது.
வருகிற எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்பேன்.
'டக்' என்றால் இரும்பு.
பேசாமல் இருந்தால் பித்தளை, அலுமினியம்,
இல்லாவிட்டால் நல்ல எவர்சில்வர்.

இன்று கொள்ளுப்பிட்டியிலிருந்து பல்கனிக் கம்பி வந்தது,
கடலைப் பார்த்தபடி ஆறு வருடம் நின்றதாம்.
தொட்ட இடமெல்லாம் செதில் செதிலாய்
கருவாட்டுத் தோல்போல விரலோடு வந்தது.
"துருவுக்குப் பத்து வீதம் கழி" என்றார் நிஸ்தார் நானா.
கழித்தேன்.
துருப்பிடித்த இரும்பு இளைப்பதில்லை, கனக்கும்.
ஓலெவல் விஞ்ஞானத்தில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.
காற்றையும் ஈரத்தையும் இழுத்து உடம்பில் சேர்த்துக்கொள்ளும்;
அந்தச் செதிலில் மூன்றில் ஒரு பங்கு
காலிமுகக் காற்று.
நானாவிடம் சொல்லவில்லை.

போன வெள்ளி நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில்,
மச்சாளின் ஒப்பரேசனுக்காக,
விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை
மயில்துத்த நீருக்குள் விட்டாள் நர்ஸ்.
கனமான இரத்தம் தாழுமாம்.
என்னுடையது மிதந்தது.
"ஜெசிந்தா, இரும்பு காணாது."
முழங்கைவரை இரும்பு அப்பி நிற்பவளிடம்!

மாத்திரை தந்தார்கள். பிளேன்டீயோடு விழுங்கக் கூடாதாம்,
சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
நம்பாமல் கோப்பைக்குள் ஓர் ஆணியைப் போட்டு வைத்தேன்.
பின்னேரம் பார்த்தால் மை.

கடை சாத்துகிற நேரம் நானே தராசில் ஏறினேன்.
ஐம்பத்தொரு கிலோ.
முழு ஆளுக்கே நாலு கிராம்தான் இரும்பு,
எனக்கு இரண்டரை என்று வைப்போம்;
கிலோ நூற்றிருபதுப்படி முப்பது சதம்.
சதத்தை இப்போது பிச்சைக்காரரும் வாங்குவதில்லை.

காந்தத்தை நெஞ்சில் வைத்தேன்.
டக்!
சட்டை ஊக்கு.
இரத்தத்து இரும்பு எந்தக் காந்தத்துக்கும் இப்படி வராது.
அதுவும் காற்றைப் பிடிக்கிறதுதான்,
பல்கனிக் கம்பியைப்போல.
ஆனால் கம்பி பிடித்ததை விடத் தெரியாமல் உதிர்ந்தது;
இது கால் பெருவிரல்வரை கொண்டுபோய்
கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது,
மறுபடி பிடிக்க.

மழை வந்தது.
குவியலுக்கு மேல் தார்ப்பாயை இழுக்க வேண்டும்.
இழுக்கவில்லை.
நனையட்டும். விடிவதற்குள்
ஒரு கைப்பிடியாவது கூடாதா?
உருக்குகிறவன் வந்து
அவன் பங்குக்குக் கழித்துக்கொள்ளட்டும்.